ஐம்பத்திரண்டில் கறுப்புப் பட்டி

கறுப்புப் பட்டி எடுக்கச் சரியான வயது எது என்று அஞ்சலினாவிடம் கேட்காத ஆளில்லை. மீன் சந்தையில் கேட்டார்கள், பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் வைத்தும் கேட்டார்கள். கேட்கும்போதே வாயோரத்தில் ஒரு சிரிப்பு நிற்கும். "ஐம்பத்திரண்டு" என்பாள் அவள், முகத்தில் ஓர் அசைவும் காட்டாமல்.

உட்துறைமுகத்துப் பக்கம் இருக்கும் பொதுமண்டபத்தின் சாவி அவளிடம்தான். கூட்டுவது, கதிரை அடுக்குவது, ஊர்த்தெருவில் திரிந்து வாசலில் வந்து நிற்கிற மான்களைத் துரத்துவது, கடைசி ஆள் போன பிறகு பூட்டுவது, எல்லாம் அவள் வேலை. ஆறு வருடத்துக்கு முன் கிண்ணியாவிலிருந்து றிகாஸ் மாஸ்டர் வந்து, திங்களும் வியாழனும் பின்னேரத்தில் கராத்தே வகுப்புத் தொடங்கினார். அவருக்கு அவளைவிட இருபது வயது குறைவு. வகுப்பு முடியும்வரை அவள் மூலைக் கதிரையில் காவல் இருக்க வேண்டும்.

"சும்மா இரிக்கிற நேரத்துக்கு வந்து நில்லுங்க அன்ரி. உங்கட சீனி வருத்தத்துக்கும் நல்லம்" என்று ஒருநாள் அவர் சொன்னார். பகிடிக்குத்தான் சொன்னார். இவள் செருப்பைக் கழற்றிவிட்டு, பாவாடையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, பிள்ளைகளின் வரிசையில் கடைசியாகப் போய் நின்றாள். அன்றைக்கு நின்றவள்தான், பிறகு கதிரைக்குத் திரும்பவேயில்லை.

சீனி வருத்தம் குறைந்தது என்பது உண்மை. ஆனால் அவள் போனது அதற்கில்லை. அம்மா செத்து அப்போது ஒரு வருடம். கலியாணம் கட்டாமல் அம்மாவைப் பார்த்தே காலம் போய்விட்டது. வீட்டுக்குப் போனால் அவளை அணைக்கவும் ஆளில்லை, அடிக்கவும் ஆளில்லை. மண்டபத்திலாவது எதிரே ஓர் ஆள் நின்று கையைப் பிடிக்கும், தோளில் குத்தும், "நொந்திட்டா அன்ரி?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்காகவே அவள் இரண்டு அடி கூட வாங்கியிருக்கிறாள். பைத்தியம் என்று சொல்பவர்கள் சொல்லட்டும், ஏழு வருடம் தனியாகத் தேத்தண்ணி குடித்துப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

வெள்ளைப் பட்டி மஞ்சளாகி, பச்சையாகி, மண்ணிறமும் ஆகிவிட்டது. மிச்சம் கறுப்புத்தான். கொழும்புத் தலைமையகத்திலிருந்து விண்ணப்பப் படிவம் வந்தது. பதினாறுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சின்னவர்களின் கறுப்புத்தான், முழுக் கறுப்பு இல்லை. மேலே வயதெல்லை கிடையாது. ஆனால் ஒரு கொளுக்கி வைத்திருந்தார்கள். பதினாறுக்குக் கீழேயும் ஐம்பதுக்கு மேலேயும் இரத்த உறவுக்காரர் ஒருவர் சம்மதித்துக் கையொப்பம் வைக்க வேண்டும். பெயர், உறவுமுறை, அவசரத்துக்கு மட்டும் அழைக்கத் தொலைபேசி இலக்கம் என்று மூன்று கோடு. பால்குடியையும் பல் விழுந்ததையும் ஒரே பாயில் கிடத்திவிட்டார்கள்!

"ஆரையாவது பிடிச்சு வைங்க அன்ரி" என்றார் றிகாஸ் மாஸ்டர். "கொழும்பில ஆருக்குத் தெரியப் போகுது? நானே தம்பியெண்டு வைக்கட்டா?"

"பொய்க் கையெழுத்தில வாற பட்டியை நான் இடுப்பில கட்டமாட்டன், மாஸ்டர்."

வீறாப்பாகச் சொல்லிவிட்டாள். வீட்டுக்குப் போய்த்தான் யோசித்தாள். இரத்த உறவென்று உலகத்தில் அவளுக்கு மிஞ்சியிருந்தது ஒரேயொரு ஆள், அண்ணன் அல்பிரட். மூன்று தெரு தள்ளித்தான் வீடு. கதைத்து ஏழு வருடம்.

பிழை அவளுடையது. அம்மா கண்ணை மூடிய நேரம் அல்பிரட் துறைமுக இழுவைப் படகில் நடுக்கடலில் நின்றார். அங்கே தொலைபேசி வேலை செய்யாது. மூன்றாம் நாள் ஓடி வந்து சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற மனிசனை, ஊர் முழுக்கக் கேட்க, "செத்த பிறகுதானா வீட்டுக்கு வழி தெரிஞ்சது?" என்று கேட்டாள். அடக்கம் முடிந்ததும் அவர் சேமக்காலையிலிருந்து நேரே தன் வீட்டுக்குப் போனார். படகில் நின்ற கதை அவளுக்குப் பிறகுதான் தெரிய வந்தது. போய் மன்னிப்புக் கேட்க அந்த நாக்கு திரும்பவில்லை. கோயிலில் அவர் இடப்பக்கம், இவள் வலப்பக்கம். தொலைபேசி இலக்கத்தையும் மாற்றிவிட்டாராம்.

நாலு நாள் படிவத்தை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் நாள் போனாள்.

கதவைத் திறந்தது அண்ணன் மனைவி மக்டலின். பேயைக் கண்டதுபோல் நின்றுவிட்டு, "வாங்கோ மச்சாள்" என்றாள். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. கதிரையின் முதுகுக்கு மேலே நரைத்த தலையொன்று தெரிந்தது. அது திரும்பவில்லை.

"இதில ஒரு கையெழுத்து வேணும். அவரிட்டக் கேட்டுச் சொல்லுங்கோ."

மக்டலின் படிவத்தை உள்ளே கொண்டுபோனாள். டிவிச் சத்தம் குறைந்தது, திரும்பவும் கூடியது. மக்டலின் வெளியே வந்து, நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "கண்ணாடி இல்லாமல் வாசிக்க ஏலாதாம். வைச்சிட்டுப் போகட்டாம்."

கண்ணாடி அவர் மூக்கில்தான் இருந்தது. அதன் காதுக் கம்பி அஞ்சலினாவுக்கு நன்றாகத் தெரிந்தது. சரி, முடிந்தது என்று நினைத்துக்கொண்டு நடந்தாள். அன்றிரவு சமைக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை மண்டபத்தைத் திறந்தபோது, கதவின் கீழால் தள்ளிவிட்டபடி படிவம் கிடந்தது. பெரிய பெரிய எழுத்தில் பெயர். உறவுமுறை என்ற கோட்டில் 'அண்ணன்'. அதன் கீழே பத்து இலக்கம். கொழும்புக்கு அனுப்புவதற்கு முன்னே அவள் அதைப் போட்டோக்கொப்பி எடுத்து, பைபிளுக்குள் வைத்தாள்.

சோதனை ஒரு சனிக்கிழமை, அதே மண்டபத்தில். கொழும்பிலிருந்து மூன்று பேர் வந்து மேசை போட்டு இருந்தார்கள். வாசலில் ஆள் நிழல் விழும்போதெல்லாம் அஞ்சலினா திரும்பித் திரும்பிப் பார்த்து, முதல் சுற்றில் ஒரு புள்ளியை விட்டாள். "முன்னுக்குப் பாருங்க அன்ரி!" என்று மாஸ்டர் கத்தினார். பிறகு பார்க்கவில்லை. எதிரே நின்ற ரிஸ்லாவுக்குப் பத்தொன்பது வயது, காற்றுப்போல் கால் வீசுகிற பெட்டை. அவளுடைய உதையை மூன்று தரம் தட்டி, நாலாம் தரம் உள்ளே புகுந்து அடித்தாள் அஞ்சலினா. மேசையில் இருந்த மூவரும் தலையாட்டினார்கள்.

கறுப்புப் பட்டி கிடைத்தது. ரிஸ்லாவுக்கும் கிடைத்தது. அவளுடைய உம்மா பட்டியைக் கட்டிவிட்டுக் கொஞ்சினார், வாப்பா படம் எடுத்தார், எல்லோருக்கும் கேக் கொடுத்தார்கள். அஞ்சலினாவுடன் மாஸ்டர் ஒரு படம் எடுத்துக்கொண்டு, கொழும்புக்காரரை வழியனுப்பப் போனார். பட்டியை அவள் தானே கட்டிக்கொண்டாள்.

எல்லோரும் போன பிறகு, கட்டிய பட்டியோடு மண்டபத்தைக் கூட்டினாள். எண்பது கதிரை அடுக்கினாள். பூட்டிவிட்டுப் படியில் வந்து இருந்து தன் கையையும் காலையும் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. ஐம்பத்திரண்டு வயதில் ஒரு கீறல்கூட இல்லாமல் வென்றவளுக்கு அன்றைக்கு வந்தது அழுகைதான். ஒரு சின்னக் காயமாவது பட்டிருக்கலாமே, கறுமம் பிடித்த உடம்பே! படிவத்தில் அவசரத்துக்கு மட்டும் என்றல்லவா போட்டிருந்தார்கள்.

அந்தப் பத்து இலக்கமும் அவளுக்கு மனப்பாடம். அழுத்தினாள்.

"ஹலோ?"

"அண்ணா, நான் அஞ்சலினா. விழுந்திட்டன். கால் ஏலாமக் கிடக்கு."

அந்தப் பக்கம் டிவிச் சத்தம் நின்றது.

"எங்க நிக்கிறாய்?"

"மண்டபத்தில. படியில."

"அசையாதை. அங்கயே இரு, வாறன்."

தொலைபேசி வைபட்டுவிட்டது. அவள் கண்ணைத் துடைத்தாள். எந்தக் கால் என்று சொல்லவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கொஞ்சம் யோசித்து, வலது காற்செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, தெருவைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.