படங்கில் ஒரு வெசாக் கூடு

கினிகத்தேனை டவுனில் புத்தர் பண்டிகையான வெசாக்குக்கு விளக்குக் கூடு கட்டும் போட்டி என்றதும் நானும் பெயர் கொடுத்துவிட்டேன். வேதக்காரப் பிள்ளைக்கு வெசாக்கில் என்ன வேலை என்று கடையில் என்னோடு வேலை செய்கிறவர்கள் கேட்டார்கள். எனக்குச் சுள்ளென்று வந்தது. வருஷா வருஷம் மூங்கில் கீறி கிறிஸ்மஸ் நட்சத்திரம் கட்டுகிற கை இது, கூடு கட்டாதா?

கட்டினேன். எலும்புக்கு உடைந்த குடைக் கம்பிகள். நடுவில் ஐந்து முனை நட்சத்திரம். உச்சியில், பக்கத்து லயத்து வீட்டு அண்ணன் தூக்கிப் போட்ட காவடி வளைவு. வாலுக்குப் பால்மா டின் மூடிகள். மேலே ஒட்ட டிஷ்யூ பேப்பர் வாங்கவில்லை, அம்மாவின் பழைய படங்கை எடுத்தேன். கொழுந்து பறிக்கும்போது மழையும் தேயிலைக் குச்சியும் படாமல் இடுப்பில் சுற்றிக் கட்டுகிற கறுப்பு ரப்பர் சீட் அது. ஆணியைக் காய்ச்சி, அதில் ஒரு கோலத்தைப் புள்ளி புள்ளியாகக் குத்தினேன். வீடெல்லாம் ரப்பர் நாற்றம்.

நாற்றத்துக்கு ஓடிவந்த அம்மா படங்கைப் பார்த்ததும் கத்தினார்.

"அடி பாவி, என் இடுப்புல கெடந்தத டவுன்ல தொங்க விடப் போறியா? பாக்குறவங்க சிரிக்க மாட்டாங்க?"

"சிரிக்கட்டுமே. இப்ப என்ன?"

"அது தொங்குற பக்கமே நான் வர மாட்டேன்."

அதுதான் தைத்தது. பரிசு கிடக்கட்டும், அம்மா வந்து பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

வெசாக் அன்று போட்டியை நடத்திய சிங்கள டயர் கடை முதலாளி என் கூட்டை மேலும் கீழும் பார்த்தார். எந்தப் பெண்ணையும் நங்கி, தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். "நங்கி, இது என்ன, வவ்வாலா?"

"இருட்டட்டும், அப்ப பாருங்க மாத்தயா."

கடைசியில், சாக்கடைக் கான் ஓரமாகத்தான் இடம் கொடுத்தார்.

பொழுது சாய மழை பிடித்தது. கினிகத்தேனை மழையைச் சொல்லவா வேண்டும்? தாமரைக் கூடு, அன்னக் கூடு, எல்லாம் பேப்பர் கரைந்து வெறும் குச்சியாக நின்றன. நடுவர்கள் பேக்கரிக்குள் ஓடிவிட்டார்கள். என் வவ்வால் மட்டும் ஆடாமல் தொங்கியது. எத்தனை வருஷம் மலையில் நனைந்த ரப்பர், அதற்கு இதெல்லாம் ஒரு மழையா! ஆட்டோ பற்றரியில் பல்பைப் போட்டேன். கறுப்புக்குள் இருந்து கோலம் முழுசாக எழும்பியது.

பேக்கரியில் ஒதுங்கியிருந்த சனம் ஃபோனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தது. முதலாளி குடையோடு ஓடிவந்தார். "ஷா! நங்கி, வாங்க, இத சந்தி நடுவுல கட்டுவோம்!" அவரே ஒரு பக்கம் தூக்கினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனாலும் கூட்டத்தில் என் கண் ஒரே முகத்தைத்தான் தேடியது.

சந்தியில் கட்டி முடித்ததும், இது என்ன பேப்பர், நனையவே இல்லையே என்று ஒரு அக்கா கேட்டார். நான் வாய் திறக்கும் முன்னே பின்னாலிருந்து பதில் வந்தது.

"பேப்பர் இல்லம்மா. என் படங்கு."

அம்மா! சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. என்னைப் பார்க்கவே இல்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, கூட்டின் கீழ் மூலையைக் கை நீட்டிக் காட்டினார்.

"கோலமெல்லாம் இவ குத்துனது. அந்தா, அந்த மூலையில நீளமா வெளிச்சம் வருதே, அது மட்டும் இவ போட்டது இல்ல. மலையில குச்சி கிழிச்சது. அது என்னோடது."