பன்னிரண்டாவது குழாய்

என் அத்தானை டெப்போவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஊசி. ஆளும் அப்படித்தான், சட்டை கொடியில் காய்வது போல உடம்பில் தொங்கும். பஸ் டெப்போவை ஒட்டிய சின்ன கிளினிக்கில் இருபத்தாறு வருடமாக டிரைவர், கண்டக்டர்களுக்கு ரத்தம் எடுப்பது அவர் வேலை. முகத்தை மறந்தாலும் நரம்பை மறக்க மாட்டார். பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருக்கும் கையைப் பார்த்தே, "இவருக்குப் போன வருஷம் ரெண்டு தடவ குத்த வேண்டியதாப் போச்சு" என்று அக்காவின் காதில் சொல்வார்.

"மொதல்ல மனுஷன் மூஞ்சியப் பாருங்க" என்பாள் அக்கா.

ஊரை விட்டு வந்து வேலை பார்க்கிற எனக்கு வீட்டிலிருந்து போன் வந்தாலே பயம்தான். போன மாசம் ஒரு காலையில் அத்தான் கூப்பிட்டார். "யாருக்கும் ஒண்ணும் இல்ல, பயப்படாத. ஒரு கடுதாசி வந்திருக்கு. முழுக்க இங்கிலீஷ். உங்கக்காகிட்ட காட்ட முடியாது. நீ படிச்சுச் சொல்லு." அது என்ன கடுதாசி என்று சொல்ல அவருக்கு ஒன்பது வருடத்துக்கு முந்தைய கதையைச் சொல்ல வேண்டியிருந்தது.

அப்போது மேல டெப்போ, கீழ டெப்போ என்று இரண்டு இருந்தன. கிளினிக் மேல டெப்போவை ஒட்டியது. ஒன்றை மூடப் போவதாகப் பேச்சு வந்ததும், நேற்று வரை ஒரே கடையில் டீ குடித்தவர்கள் எதிரெதிர் பக்கம் காறித் துப்ப ஆரம்பித்தார்கள். அந்தச் சமயம் பார்த்து ஆராய்ச்சி டாக்டரம்மா ஒருவர் வந்தார். ஆம்பளைகளை முறுக்கேற்றும் ஹார்மோன் எதிராளி மேல் கோபத்தை மட்டுமா ஏற்றுகிறது, தன் கூட்டத்தின் மேல் பாசத்தையும் சேர்த்தே ஏற்றுகிறதா என்று அவருக்குத் தெரிய வேண்டும். எச்சிலில் அளந்துவிடலாமாம். சாதாரண நாளில் ஒரு தடவை, இரண்டு டெப்போவும் நேருக்கு நேர் நிற்கும் நாளில் ஒரு தடவை. துப்புவதற்கு அரைமணி நேரம் முன்னால் எதுவும் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது.

"இத்தன நாளா சும்மா துப்பினோம். இப்பத்தான்டா நம்ம எச்சிலுக்கு ஒரு மரியாத" என்றாராம் டிரைவர் ஒருவர்.

மேல டெப்போவிலிருந்து பன்னிரண்டு பேர் வேண்டும், ஆளுக்கொரு கண்ணாடிக் குழாய், எச்சிலைப் பிடித்து அனுப்புவது அத்தான். முதல் நாளே ஒருவர் லீவு. எண்ணிக்கை குறையக் கூடாதே என்று அத்தான் தானே பன்னிரண்டாவது குழாயில் துப்பி மூடிவிட்டார். குழாயைப் பிடிக்கிறவன் அதில் துப்பக் கூடாது. ஆனால் அன்றிலிருந்துதான் அவர்கள் தன்னை நம்மாள் என்று சொன்னார்கள் என்றார். அதற்கு முன்னால், இத்தனை வருடம் ஊசி குத்தியும், அவர் கிளினிக்காரர்தான்.

கீழ டெப்போக்காரர்கள் ஊர்வலமாக வந்த நாள், மதியம், கேட்டுக்கு வெளியே கல் பறந்தது. தங்களில் மண்டை உடைந்த ஒருவரைத் தூக்கிக்கொண்டு பதினோரு பேரும் கிளினிக்குக்குள் வந்து முன்கதவைச் சாத்தினார்கள். அத்தான் காயத்துக்குக் கட்டுப் போட்டார். யாரோ டீ போட்டார்கள். அத்தான் குழாய்களை எடுத்து வைத்து, "அரைமணி நேரம் பொறுங்கப்பா" என்றார்.

"பொறுத்தாங்க" என்றார் போனில். குரல் குழைந்தது. "தொண்ட வறண்டு கெடந்தவங்க. பன்னெண்டு டம்ளர் டீ ஆறுது, ஒருத்தன் தொடல. ஊசி சொல்லிட்டான்ல, அப்படின்னு ஒக்காந்திருந்தாங்க. ஒருத்தன் தோள்ல ஒருத்தன் சாஞ்சுக்கிட்டு. எங்கப்பா செத்தன்னைக்குக்கூட என்னை யாரும் அப்படிப் பிடிச்சுக்கல. அதவிட நல்ல நாள் எனக்கு வந்ததில்ல. அதச் சொல்லத்தான் வெக்கமா இருக்கு."

அந்த அரைமணி நேரத்தில்தான் பின்கதவு தட்டப்பட்டது. மூன்று தட்டு, இரும்பால். அப்படித் தட்டுகிறவன் ஒரே ஆள். கீழ டெப்போ மெக்கானிக், ஸ்பேனர் என்று பெயர். சர்க்கரை பார்க்க மாசாமாசம் பின்வழியாக வருவான். வந்தால் பேச்சு முடிய மதியமாகிவிடும்.

"யாராச்சும் இருக்கீங்களா? கண்ணு தெரியலப்பா. தொறங்க."

தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் நின்றது அத்தான்தான். கை தாழ்ப்பாள் மேல் இருந்தது. திறக்காதே என்று யாரும் சொல்லவில்லை. பக்கத்திலிருந்த டிரைவர் அவர் தோளில் கை வைத்தார், தள்ளவில்லை, சும்மா வைத்தார். வெளியே இன்னும் மூன்று தடவை தட்டிவிட்டு ஓய்ந்தது. பிறகு எல்லோரும் வரிசையாகத் துப்பினார்கள். அத்தானும்.

ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் கண்ணைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார்களாம் ஆஸ்பத்திரியில்.

பிறகு இரண்டு டெப்போவையும் ஒன்றாக்கினார்கள். ஒற்றைக் கண்ணோடு ஸ்பேனரும் அங்கேதான். வருடா வருடம் பரிசோதனைக்கு அத்தானிடம் வலது கையை நீட்டுவான். அன்றைக்குக் கிளினிக் பூட்டிக் கிடந்ததாகத்தான் நம்பிக்கொண்டிருந்தான். "நீ மட்டும் உள்ள இருந்திருந்தா எனக்கு ரெண்டு கண்ணும் இருந்திருக்கும், ஊசி. என் தலையெழுத்து, நீ அன்னைக்கு எங்கயோ போயிட்ட" என்று சிரிப்பான். பதினோரு பேருக்கும் தெரியும். ஒரு வாய் திறக்கவில்லை.

இத்தனை வருடம் கழித்து அத்தான் டாக்டரம்மாவுக்கு எழுதிப் போட்டார். பன்னிரண்டாவது குழாயில் என்ன இருந்தது என்று கேட்டு. அளவு எகிறியிருந்தால் ஸ்பேனரிடம் சொல்லிவிடலாம் என்று கணக்கு. "நான் இல்லடா, ரத்தத்துல ஏறின சனியன் அது" என்று.

அதற்குத்தான் பதில் வந்திருந்தது. அவர் போனில் அனுப்பிய கடுதாசிப் படத்தைப் பெரிதாக்கிப் படித்தேன். இரண்டு தடவை படித்தேன். பொய் நாக்கு நுனி வரை வந்தது. அவருக்கு எப்படியும் தெரியப் போவதில்லை.

"ஏறியிருந்துச்சா?"

"எல்லாருக்கும் சேர்த்துப் பார்த்தா ஏறியிருக்கு அத்தான்."

"எனக்கு?"

"ரெண்டு நாளும் ஒரே அளவுதான்."

"சாதாரண நாள் மாதிரியேவா?"

"ஒரு ஆளோட ஒரு அளவ வெச்சு எதுவும் முடிவு பண்ண முடியாதுன்னும் எழுதியிருக்காங்க."

"படிச்சவங்க அப்படித்தான் எழுதுவாங்க" என்றார். "அப்ப நான்தான்."

நேற்று மறுபடி கூப்பிட்டார். வருடாந்தரப் பரிசோதனையாம். ஸ்பேனர் வந்து கையை நீட்டியிருக்கிறான். ரத்தம் எடுத்து முடித்து, பஞ்சை வைத்து அழுத்தச் சொல்லிவிட்டு, "அன்னைக்கு நான் உள்ளதான்டா இருந்தேன். நீ தட்டினது கேட்டுச்சு" என்று சொல்லிவிட்டார்.

ஸ்பேனர் கத்தவில்லை. ரத்தம் நின்ற பிறகும் பஞ்சை அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தான். கடைசியில், "நீ ஒருத்தன்னா தொறந்திருப்ப. கூட யாரெல்லாம் இருந்தா?" என்றான்.

"சொன்னீங்களா?" என்றேன்.

"அத மட்டும் கேக்காதன்னுட்டேன்."

ஸ்பேனர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு பின்வழியாகவே போய்விட்டானாம். அந்தப் பதினோரு பேரில் இரண்டு பேர் இப்போது உயிரோடு இல்லை. ஒருவரோடு அத்தானுக்குச் சுவர்த் தகராறில் பேச்சுவார்த்தையே கிடையாது. "பேரச் சொல்லியிருக்கலாமே, அத்தான். அவனுக்கு நீங்க குடுக்க வேற என்ன இருக்கு?"

"அதெப்படி? இத்தன வருஷம் அவங்க என் பேர ஒரு வார்த்த வெளிய விட்டாங்களா?" என்றார். டீ ஆறியதைச் சொன்னபோது குழைந்த அதே குரல்.