ஒரே சட்டையில் இரண்டு போட்டோ

நம் வீட்டு ஆல்பத்தில் உங்கள் மாமாவின் போட்டோ இரண்டு இருக்கின்றன. இரண்டிலும் நீலக் கோடு போட்ட ஒரே சட்டை, கழுத்தில் மாலை, பக்கத்தில் அதே பெட்டி. ஒன்றில் சிரிக்கிறார். இன்னொன்றில் சிரிக்கவில்லை. போன வாரம் சின்னவள் அதைப் பிடித்துக்கொண்டு, "மாமா ஏம்பா ரெண்டு தடவ வெளிநாடு போனாரு?" என்று கேட்டாள். இரண்டு தடவை போகவில்லை அம்மா, ஒரு தடவைதான். முதல் போட்டோ எடுத்த பிறகு அவர் நம் வீட்டு மாடியிலேயே ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தார். அது ஏன் என்று வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் யாராவது லோடு இருக்கிறது என்று கூப்பிட்டுவிடுவார்கள். அதனால் எழுதி வைக்கிறேன். பத்தாவதுக்கு மேல் படிக்காதவன் எழுதுவது, பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் அவரை மாமா என்கிறீர்கள், அவர் என்னை மாமா என்பார், நான் அவரை மச்சான் என்பேன். குழம்பாமல் இருக்க இங்கே மச்சான் என்றே எழுதுகிறேன்.

மச்சான் உங்கள் அம்மாவின் தம்பி. திட்டக்குடிப் பக்கம் வயல்காட்டில் கூலி வேலை செய்த குடும்பத்தில் முதன்முதலாக டாக்டர் ஆனவர், மாட்டுக்கு டாக்டர். படித்து முடித்ததும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு கடலூர் செம்மண்டலத்தில் நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அரசாங்க வேலை பதிவு மூப்புப்படிதான் வரும். அவருக்கு முன்னால் பதிந்தவர்கள் பெரிய வரிசை. அதுவரைக்கும் ஒரு பழைய பைக், பின்னால் ஒரு பை. நெல்லிக்குப்பம், மேல்பட்டாம்பாக்கம் பக்கம் எந்த வீட்டில் மாடு படுத்துக்கொண்டாலும் போவார்.

சாப்பாட்டுக்குக் குறை இல்லை. ஆனால் மனுஷன் ஓரிடத்தில் உட்கார மாட்டார். சாப்பிடும்போதே காலை ஆட்டிக்கொண்டிருப்பார். "ஸ்கேன் வெச்சி மாட்டோட கர்ப்பப்பையைப் பாக்கக் கத்துக் குடுத்தாங்க மாமா. இங்க மிஷினே இல்ல. படிச்சதெல்லாம் துருப்புடிக்குது" என்பார். ஆயிரக்கணக்கான மாடுகளை ஒரே இடத்தில் கட்டி வைத்திருக்கிற பெரிய பண்ணை வளைகுடா நாட்டில் இருக்கிறதாம், அங்கே போய் டாக்டராக வேலை பார்க்க வேண்டும். அவருக்கு அது ஒன்றுதான் ஆசை.

சிதம்பரத்தில் ஒரு ஏஜென்ட் மூலம் அப்படி ஒரு பண்ணையிலிருந்து கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசும் இன்டர்வியூ வந்தது. மதிய நேரம் குறித்திருந்தார்கள். அப்போது மின்வெட்டுக் காலம். எந்த ஊரில் எப்போது கரண்ட் போகும் என்பது என்னைப் போல குட்டி யானை லோடு வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அத்துப்படி. மாவு மில், ஐஸ் கடை, வெல்டிங் பட்டறை எல்லாரும் அதைப் பார்த்துத்தான் லோடு ஏற்றச் சொல்வார்கள். கடலூரில் நம் பக்கம் மதியம் போகும், சிதம்பரத்தில் காலையில் போகும். அதனால் சிதம்பரத்துக்கே போய்விடுவது என்று முடிவு செய்தோம். முந்தின நாளே தெற்கு வீதியில் ஒரு பிரவுசிங் சென்டரில் கேட்டு இடம் சொல்லி வைத்தாயிற்று.

நீலக் கோடு போட்ட சட்டை அதற்காகத்தான் வாங்கினது. பலகைத் தடுப்புக்குள் மச்சான் உட்கார்ந்தார். நான் பின்னால் படத்தில் விழாமல் குனிந்து நின்றேன். திரையில் ஒரு தாடிக்காரர் வந்தார், அந்தப் பண்ணையின் தலைமை டாக்டர். ஏதோ கேட்டார், மச்சான் பதில் சொன்னார். அவர் தலையாட்டினார். அடுத்த கேள்விக்கு மச்சான் வாயைத் திறக்கும்போது மின்விசிறி நின்றது. மேசைக்கு அடியில் யு.பி.எஸ். பீப் பீப் என்று கத்தியது. கொஞ்ச நேரத்தில் தாடிக்காரரும் போய்விட்டார்.

"இன்னாய்யா இது? மதியம் கட் இல்லன்னு நேத்து சொன்னியே?" என்று கடைக்காரரிடம் சத்தம் போட்டேன்.

"நேத்து இல்லதான சார். இன்னிக்கு ஒண்ணாந்தேதி. இந்த மாசத்துலேர்ந்து எங்களுக்கு மதியத்துக்கு மாத்திட்டாங்க."

மாசம் பிறந்தால் நேரம் மாறும் என்பது எனக்கும் தெரியும், மச்சானுக்கும் தெரியும். ஆனால் இன்டர்வியூ யோசனையில் தேதி யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அந்த நேரத்தில் கடலூரில் நம் தெருவில் கரண்ட் இருந்தது. உங்கள் அம்மா வீட்டில் மிக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தாளாம்.

ஜெனரேட்டர் இருந்த இன்னொரு கடையில் போய் மச்சான் மெயில் போட்டார். 'போனில் கூப்பிடுகிறோம்' என்று சாயங்காலம் பதில் வந்தது. என்றைக்கு என்று போடவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. குளிக்கப் போனாலும் செல்போனைச் சோப்புப் பெட்டி மேல் வைத்துக்கொண்டு குளிப்பார். ராங் நம்பர் வந்தாலும் உங்கள் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வருவாள்.

போன் வந்தபோது அவர் மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு கொட்டகையில் தரையில் படுத்திருந்தார். நான் அந்தப் பக்கம் தவிட்டு மூட்டை இறக்கப் போனவன், அவரைப் பார்க்கக் கொட்டகைக்குப் போனேன். முதல் ஈத்துப் பசு, கன்று உள்ளே மாட்டிக்கொண்டது. மச்சானின் வலது கை தோள் வரைக்கும் உள்ளே இருந்தது. அவர் செல்போனை நான் வாங்கி என் சட்டைப் பையில் வைத்திருந்தேன். வெளிநாட்டு நம்பர் மாதிரி நீளமாக இருந்தது. எடுத்துவிட்டேன்.

"யெஸ் சார். டாக்டர் ஹியர் சார். கவ் சார். ஹேண்ட் இன்சைட் சார்."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. கட் பண்ணாமல் ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. குனிந்து போனை மச்சான் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டேன்.

மச்சான் இங்கிலீஷில் பேச ஆரம்பித்தார். பசு ஒரு பக்கம் கத்துகிறது. ஹெட், லெஃப்ட் என்கிற சொற்கள் மட்டும் எனக்குப் பிடிபட்டன. கன்று தலையைத் திருப்பிக்கொண்டிருக்கிறது, அதை எப்படி நேராக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே செய்கிறார் என்று புரிந்தது. மாட்டுக்காரம்மா பொறுமை இழந்தார்.

"இன்னா தம்பி, எம் மாடு சாவக் கெடக்குது, நீ யாருகிட்ட கத பேசுற?"

"வேல கேக்குறேன்க்கா."

"மொதல்ல இந்த வேலய முடி, அப்புறம் அந்த வேலய கேளு!"

கன்றின் காலில் கட்டிய கயிற்றைப் பிடித்து இழு என்று மச்சான் எனக்குக் கண்ணால் காட்டினார். ஒரு கையில் போன், ஒரு கையில் கயிறு. கன்று வந்து வைக்கோலில் விழுந்ததும் மச்சான் அதன் மூக்கைத் துடைத்து, பின்னங்காலைப் பிடித்துத் தூக்கினார். அது தும்மியது. "அலைவ்?" என்று போனில் கேட்டது எனக்கே கேட்டது. "யெஸ் சார், பீமேல்" என்றார் மச்சான். அவ்வளவுதான் இன்டர்வியூ.

வேலை கிடைத்துவிட்டது. அதற்கப்புறம் ஆரம்பித்தது இன்னொரு அலைச்சல். டிகிரி சர்டிபிகேட் மெட்ராசுக்கும் டெல்லிக்கும் போய் பின்பக்கம் முழுக்க முத்திரையோடு திரும்பி வந்தது. ஊரிலிருந்து வந்திருந்த மச்சானின் அம்மா, உங்கள் ஆயா, அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "படிச்சதுக்கு முன்பக்கம் ஒரு சீலு, போறதுக்குப் பின்பக்கம் இத்தன சீலா?" என்றார். ரத்தம், எக்ஸ்ரே எல்லாம் பார்த்தார்கள். அதிலும் குறையில்லை. விசா மட்டும் வர வேண்டும்.

ஒரு சனிக்கிழமை ஏஜென்ட் போன் செய்தார். "விசா வந்துடுச்சு சார். திங்கக்கெழம வந்து வாங்கிக்கங்க."

நம் ஆட்களுக்கு அந்த ஒரு சொல் போதும். ஆயா முறுக்கு டின்னோடு திட்டக்குடியிலிருந்து பஸ் ஏறிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு, சொந்தக்காரர்கள், மாலை, போட்டோக்காரர். பெட்டியில் அப்போது எதுவும் இல்லை. போட்டோவுக்காக மூடி வைத்ததுதான். அந்தப் படத்தில்தான் மச்சான் அப்படிச் சிரிக்கிறார்.

திங்கட்கிழமை சிதம்பரம் போனோம். ஏஜென்ட் காகிதத்தை மேசை மேல் வைத்தார். பாதி அரபு, பாதி இங்கிலீஷ். மச்சான் மேலிருந்து கீழே வாசித்தார். ஒரு வரியில் நின்றுவிட்டார்.

"இதுல பண்ணைத் தொழிலாளின்னு போட்டிருக்கு" என்றார்.

"அது சகஜம் சார்" என்றார் ஏஜென்ட். "கம்பெனிக்கு டாக்டர் விசா இப்ப கோட்டா இல்ல. இருக்கிற விசாவுல ஏத்துறாங்க. போயிட்டு மாத்திக்கலாம். நம்ம ஊர்ல முக்காவாசிப் பேரு அப்படித்தான் போறாங்க. கொத்தனாரு டிரைவர் விசாவுல போறாரு, டிரைவர் தோட்டக்காரன் விசாவுல போறாரு."

அவர் சொன்னது பொய் இல்லை. என் கூட்டாளிகளே அப்படிப் போய் நன்றாக இருக்கிறார்கள். நானும் அதைத்தான் சொன்னேன். "வீட்டுல மால போட்டு போட்டோ எடுத்தாச்சு மச்சான். போயி மாத்திக்க."

மச்சான் செல்போனை எடுத்தார். அங்கிருந்தே தாடிக்கார டாக்டருக்குப் போன் போட்டார். வைத்துவிட்டு என்னிடம் சொன்னார். "நல்ல மனுஷன்தான் மாமா. மறைக்கல. இந்த விசாவுல வந்தா அங்க டாக்டரா பதிய முடியாதாம். நான் ஊசி போடலாம், அறுக்கலாம், எல்லாம் செய்யலாம். கையெழுத்து அவுரு போடுவாராம். எப்ப மாத்துவாங்கன்னு அவுருக்கே தெரியலயாம்."

"சரி, வேல அதேதான?"

"மாடு செத்துப்போச்சின்னா, தொழிலாளி ஏன்டா ஊசி போட்டன்னுதான் மாமா கேப்பாங்க."

அப்புறம் அந்தக் காகிதத்தை ஏஜென்ட் பக்கமே தள்ளினார். "டாக்டர்னு வந்தா கூப்பிடுங்க. வேற எதுன்னா வேணாம்."

அன்றைக்கே திரும்பினோம். ஆலப்பாக்கம் ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோது, "முறுக்க இன்னா பண்றது மாமா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டில் ஆயா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாவது நாள், "ஊருக்கெல்லாம் சொல்லிட்டேன்டா, எந்த மூஞ்சிய வெச்சிகிட்டு பஸ்சு எறங்குவேன்?" என்று அழுதார்.

"நான் தொழிலாளியாப் போறேன்னு சொல்லியிருந்தா ஊருல சொல்லியிருப்பியாம்மா?"

"தொழிலாளின்னா இன்னா? நாங்க இன்னாவா இருந்து உன்னப் படிக்க வெச்சோம்?"

மச்சான் அவர் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார். "அதுக்குத்தாம்மா. தொழிலாளியாப் போறதுன்னா என்னய ஏன் படிக்க வெச்சீங்க?"

சாயங்காலம் ஆயா முறுக்கு டின்னைத் திறந்து எல்லாருக்கும் கொடுத்தார்.

அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் போனது. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணங்களில், "இன்னா வெளிநாட்டு டாக்டரே, லீவுல வந்திருக்கியா?" என்பார்கள். மச்சான் சிரித்துக்கொண்டு பந்தியில் உட்கார்வார். எனக்குத்தான் கோபம் வரும். கோபம் வந்தால் நான் வண்டியைக் கழுவுவேன். அந்த வருஷம் வண்டி ரொம்பச் சுத்தமாக இருந்தது. சிதம்பரத்துக்கு லோடு கிடைத்தால் ஏஜென்ட் கடை வழியாகவே போவேன். அவர் வெளியே நின்றால் கையை மட்டும் விரித்துக் காட்டுவார், இல்லை என்று. நான் ஹாரன் அடித்துவிட்டுப் போவேன். மச்சானிடம் அதைச் சொல்ல மாட்டேன். அவரும் கேட்க மாட்டார். ஆனால் சிதம்பரத்திலிருந்து நான் வந்த நாளில் மட்டும் வண்டிச் சத்தம் கேட்டதும் மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பார்.

ஒரு நாள் ஏஜென்ட் கையை விரிக்கவில்லை. ரோட்டுக்கே வந்து வண்டியை மறித்தார். "வீட்டுல ஒண்ணும் சொல்லாதீங்க. மொதல்ல டாக்டரக் கூட்டியாங்க, அவுரு படிக்கட்டும்."

நானும் சொல்லவில்லை. சிதம்பரத்தில் ஒரு வேலை இருக்கிறது வா என்று மட்டும் சொல்லி மச்சானைக் கூட்டிப் போனேன். அவர் முகத்தைப் பார்த்தால் புரிந்துவிட்டது என்று தெரிந்தது. காகிதத்தைக் கையில் எடுக்காமல் மேசை மேலேயே வைத்துக் குனிந்து வாசித்தார். மறுபடியும் வாசித்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"எதுடா அந்த வார்த்த? காட்டு."

விரலை ஒரு வரியில் வைத்தார். கால்நடை மருத்துவர் என்று இங்கிலீஷில் இருந்தது. பக்கத்தில் அரபு எழுத்து. "இதுவும் அதேதானா?" என்று ஏஜென்டைக் கேட்டேன். "அதேதான் சார், சத்தியமா" என்றார். அப்புறமும் மச்சான் தாடிக்கார டாக்டருக்குப் போன் போட்டு ஒரு தடவை கேட்டுக்கொண்டுதான் நிமிர்ந்தார்.

இந்தத் தடவை விருந்து கிடையாது. டிக்கெட் கைக்கு வந்த பிறகுதான் ஆயாவுக்கே சொன்னோம். மாலை மட்டும் அவர் விடவில்லை. சட்டை அதேதான். வேறு போடச் சொன்னதற்கு, இன்டர்வியூவுக்கு வாங்கின சட்டை, அது இன்னும் வேலைக்குப் போகவில்லை என்றார். பெட்டி கனமாக இருந்தது. போட்டோக்காரர், "சார், கொஞ்சம் சிரிங்க" என்று கெஞ்சினார். உங்கள் அம்மா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றாள். படத்தின் ஓரத்தில் பாருங்கள், அவளுடைய வளையல் தெரியும். மச்சானுக்குச் சிரிப்பு வரவில்லை.

மெட்ராஸ் ஏர்போர்ட்டில் இறங்கும்போது கேட்டார். "மாமா, நம்ம பக்கம் இப்ப எப்ப கரண்ட் போகுது?"

"காலைல."

"அப்ப மதியம் கம்ப்யூட்டர்ல கூப்பிடுறேன். புள்ளைங்கள பிரவுசிங் சென்டர்ல உக்கார வெய்யி."

பெட்டியைத் தள்ளிக்கொண்டு கொஞ்ச தூரம் போனவர் நின்று, திரும்பிப் பார்த்துக் கத்தினார். "ஒண்ணாந்தேதி மாத்துவானுங்க மாமா! புது நேரத்தக் கேட்டு மெயில் போடு!"