தண்ணீருக்குக் களைப்பு கிடையாது

குளியலறைச் சுவரில் குழாய் தலைநீட்டும் இடத்தில் இரும்புக் கம்பியின் ஒரு முனையை ஊன்றி, மறுமுனையைப் பல்லால் கடித்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார் குழாய்க்காரர். கண்கள் மூடியிருக்கின்றன. வீட்டுக்கார அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். அவர் சாவகாசமாக எழுந்து, ஜன்னலுக்குக் கீழே ஒரு டைல்ஸைத் தொட்டுக் காட்டுகிறார். "இதை மட்டும் உடைங்க. கசிவு இதுக்குப் பின்னாலதான்." உடைத்தால் அங்கேதான் இருக்கும்.

துளைபோடும் இயந்திரத்தோடு முப்பது வருஷம் குடும்பம் நடத்தியதில் இடக்காது முழுச் செவிடு. வலக்காதில் கத்தினால் பாதி விழும். "காது போனா என்ன, பல்லு முப்பத்திரண்டும் இருக்குல்ல? கம்பி வழியா எல்லாம் மண்டைக்குள்ள வந்துடும்" என்பார். தெரு அவருக்கு வைத்த பெயர் கம்பிக்கடியார். அதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார். காதில் விழுந்தால்தானே!

கூட வேலை செய்பவர் தங்கையின் கணவர். இருவரும் எலியும் பூனையும். "மச்சானுக்கு இன்னிக்குச் சொன்னா நாளைக்குத்தான் கேக்கும்" என்பார் அவர். "மாப்பிள்ளைக்கு உடனே கேக்கும், நாளைக்கும் புரியாது" என்பார் இவர். ஆனாலும் ஒருவரை விட்டு ஒருவர் வேலைக்குப் போனதில்லை.

நிலம் அதிர்ந்த அன்று காலையில் மட்டும் தனித்தனியாகப் போனார்கள். "நீங்க முன்னால போய் மோட்டாரைப் பாருங்க மாப்ள, நான் பின்னாலேயே வரேன்" என்று அந்த நாலு மாடிக் கட்டடத்தின் அடித்தளத்துக்கு மாப்பிள்ளையை அனுப்பியவர் இவர்தான். பின்னாலேயே வந்தபோது கட்டடம் தரையோடு படுத்துக் கிடந்தது.

மறுநாள் மதியத்துக்குள் மேல்தளங்களில் இருந்தவர்களை, உயிரோடும் இல்லாமலும், எடுத்தாகிவிட்டது. மீட்புப்படை அதிகாரி இடிபாட்டில் ஒலி கேட்கும் கருவியை வைத்துக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "கீழ தண்ணி சொட்டுது, அவ்வளவுதான். மண்வாரி மெஷினை ஏத்திடலாம்." அது ஏறினால் அடித்தளத்தில் மிச்சமிருக்கும் இடுக்கும் நசுங்கிவிடும். பக்கத்தில் நின்ற தங்கையின் முகத்தில் ஈயாடவில்லை; அண்ணனின் வலக்காதில் அதைக் கத்திச் சொன்னாள்.

கம்பிக்கடியார் இடிபாட்டின் பின்பக்கம் துருத்திக்கொண்டிருந்த குழாயில் கம்பியை ஊன்றிக் கடித்தார். நெடுநேரம் கழித்துத்தான் வாயிலிருந்து எடுத்தார்.

"சார், தண்ணிக்குக் களைப்பு கிடையாது. சொட்டினா ஒரே சீராச் சொட்டிக்கிட்டே இருக்கும். இது நாலு தட்டுத் தட்டுது, நிக்குது, அப்புறம் ரெண்டே ரெண்டு. இது ஆளு!"

"உங்க சொந்தக்காரர்ங்கறதால அப்படித் தோணுதுங்க" என்று அவர் வலக்காதில் கத்தினார் அதிகாரி.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம் கம்பிக்கடியார். அந்தக் கருவியை மறுபடி காதில் மாட்டும்படி அதிகாரிக்குச் சைகை காட்டிவிட்டு, ஸ்பானரால் குழாயில் மூன்று முறை தட்டினார். அதிகாரி வேண்டாவெறுப்பாகத்தான் கேட்டார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கீழேயிருந்து மூன்று தட்டு வந்தது. அதிகாரி மண்வாரிக்காரரைப் பார்த்து நிறுத்தும்படி இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

தெருப்பக்கமிருந்து கையாலேயே கல்லை அள்ளிக் குடைந்தார்கள். இவர் பின்பக்கம் குழாயை விட்டு நகரவில்லை. "தூங்கிட்டாருன்னா போயிடுவாரு. நான் விட மாட்டேன்." இவர் தட்டுவார், கம்பியைக் கடித்துப் பதிலுக்குக் காத்திருப்பார், மறுபடி தட்டுவார். அனுப்பிவைத்தது தான்தானே என்று நெஞ்சை அறுத்துக்கொண்டே இருந்தது. உள்ளங்கை கொப்புளித்தும் ஸ்பானரை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் பதில் நின்றுபோனது. தட்டினார். ஒன்றுமில்லை. "மாப்ள... மாப்ள..." என்று முனகிக்கொண்டே பலங்கொண்ட மட்டும் தட்டினார்.

முன்பக்கம் தெருவே கைதட்டிக்கொண்டிருந்தது அவருக்குக் கேட்கவில்லை. தங்கை கற்குவியலைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தாள். "அண்ணே! எடுத்துட்டாங்கண்ணே! உசுரோட இருக்காருண்ணே!" அதுவும் கேட்கவில்லை. அவர் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துத் தெருப்பக்கம் திருப்பினாள்.

ஸ்ட்ரெச்சரில் தலைமுதல் கால்வரை சாம்பல் நிறமாக மாப்பிள்ளை போய்க்கொண்டிருந்தார். "மச்சானை நிறுத்தச் சொல்லுங்கப்பா, மண்டை இடிக்குது" என்று தூக்கியவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கம்பிக்கடியார் பார்த்தார். உதடு கோணி, கண்ணீர் தாடையில் வழிந்தது. வலது கை மட்டும் குழாயைத் தட்டிக்கொண்டேயிருந்தது.