பூட்டானில் ‘வேண்டாம்’ சொல்லும் முறை

பூட்டானில் மிளகாய்தான் காய்கறி. நாம் கத்தரிக்காயைச் சமைப்பதுபோல அவர்கள் பச்சை மிளகாயை நீளவாக்கில் கீறி, பாலாடைக்கட்டியோடு வேகவைத்து, சிவப்பரிசிச் சோற்றுக்குக் கூட்டாக வைக்கிறார்கள். திம்புவில் முதல் நாள் மதியம் அதைத் தட்டில் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆந்திர ஊறுகாயோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவனுக்கு இதெல்லாம் எம்மாத்திரம் என்று ஒரு கரண்டியை முழுதாக வாயில் போட்டேன். அதற்கப்புறம் கால் மணி நேரம் நாக்கை வெளியே நீட்டிக் கையால் விசிறிக்கொண்டிருந்தேன். ஐந்தாவது படிக்கும் என் மகள் அபி தண்ணீரை என் பக்கம் தள்ளிவிட்டு, “பாகுந்தா அப்பா?” என்று தெலுங்கில் நலம் விசாரித்தாள். நல்லா இருக்கிறதா என்று கேட்கிறாளாம்.

நான் திருநெல்வேலிக்காரன். ஹைதராபாத் பாலாநகரில் ஒரு அரசு ஆலையில் பொறியாளர், வீடு மாரெட்பள்ளியில். ஊரில் உள்ளவர்கள் ஹைதராபாத் என்றதும் என்னைக் கம்ப்யூட்டர்காரன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கண்ணாடிக் கட்டடங்களில் வேலை பார்க்கிற பையன்கள் வருஷத்துக்கு இரண்டு முறை அமெரிக்கா போய்வருகிறார்கள். எனக்கு வாய்த்தது அரசு ஊழியருக்கான விடுமுறைப் பயணச் சலுகை. அது வங்காளத்தின் வடகோடி ரயில் நிலையம் வரை கொண்டுபோய் விடும். அங்கிருந்து கொஞ்ச தூரம் காரில் போனால் ஒரு அலங்கார வளைவு, அந்தப் பக்கம் வெளிநாடு. நானும் ஃபாரின் போய்வந்தேன் என்று சொல்லிக்கொள்ள இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

சின்ன நாடுதான். ஆனால் காலையில் எல்லையில் பாக்குமரமும் வாழையும் புழுக்கமுமாக நாகர்கோவில் பக்கம்போல இருந்தது, சாயங்காலத்துக்குள் பைன் மரமும் மூடுபனியுமாகி எங்கள் மூவரின் பற்களையும் தந்தியடிக்க வைத்துவிட்டது. தெற்கே நேபாளி பேசுகிறார்கள், கிழக்கே ஒரு பாஷை, மேற்கே வேறொன்று. ஆண்கள் முழங்கால் வரை ஒரு அங்கியும் நீளக் காலுறையும் போட்டுக்கொண்டு கம்பீரமாக ஆபீசுக்குப் போகிறார்கள். எங்கள் டிரைவர் கர்மா தெற்கத்திக்காரர். அவர் மனைவி கிழக்கு. குழந்தைகள் பள்ளியில் மூன்றாவது பாஷை படிக்கின்றன. என்னிடம் இந்தியில் பேசினார். என் இந்தி செகந்திராபாத் சந்தையில் கற்றது என்பதால் அவர் பாதிக்குத் தலையாட்டினார், மீதிக்குச் சிரித்தார்.

பாரோ பள்ளத்தாக்கில் அவர் மனைவியின் அக்கா வீட்டுக்கு அழைத்துப்போனார். அந்த அம்மா மரக்கிண்ணங்களில் வெண்ணெயும் உப்பும் போட்ட டீயைக் கொண்டுவந்தார். வாசனை எங்களுக்கு முன்னால் கூடத்துக்கு வந்துவிட்டது. அபி, எங்கள் தெருப் பிள்ளைகளின் ஹைதராபாத் உருதுவில் “நக்கோ”, அதாவது வேண்டாம், என்று சொல்லி, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு மானம் போயிற்று. அந்த அம்மாவோ முகம் மலர்ந்து கர்மாவிடம் ஏதோ சொன்னார்.

“குழந்தையை ரொம்ப நல்லா வளர்த்திருக்கீங்கன்னு சொல்றாங்க சார்” என்றார் கர்மா.

விஷயம் இதுதான். அங்கே எதைக் கொடுத்தாலும் முதல் முறை வாங்கிக்கொள்ளக் கூடாது. வாயைக் கையால் மறைத்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மறுபடி கேட்பார்கள், மறுபடி மறுக்க வேண்டும். அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். நாற்றம் தாங்காமல் வாயைப் பொத்தியதற்காகக் கிண்ணம் நிறைய டீ பரிசு வாங்கிய அபி என்னைப் பார்த்த பார்வையை நான் இப்போதும் மறக்கவில்லை. என் மனைவி மீனா மட்டும் டீயைக் குடிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இவங்களுக்குத் தெரியுது பாருங்க. உங்க ஜி.எம்.முக்குத்தான் தெரியல” என்றாள்.

அவள் குத்திக்காட்டியது கிளம்புவதற்கு முந்தின வாரம் நடந்ததை. எங்கள் ஜெனரல் மேனேஜர் ஹரியானாக்காரர், விமானப்படையில் இருந்தவர். அறைக்குக் கூப்பிட்டு, சென்னை யூனிட்டுக்கு ஒரு ஆள் வேண்டும், போகிறீர்களா என்று கேட்டார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் காத்திருந்த கேள்வி அது. எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாரும் குக்கட்பள்ளியில் மனை வாங்கிப் பெரிய மனிதர்கள் ஆனபோது, ‘நாம திரும்பிப் போறவங்க, இங்க எதுக்கு’ என்று வாடகை வீட்டிலேயே உட்கார்ந்திருந்தவன் நான். சுவரில் ஆணி அடிக்கக்கூட யோசிப்பேன். அப்படிப்பட்டவன் அந்தக் கேள்விக்கு என்ன சொன்னேன் தெரியுமா? “பரவாயில்லை சார், இங்கேயே சௌகரியமாகத்தான் இருக்கிறேன்” என்றேன்.

கேட்டவுடன் சரி என்றால் ஆலாய்ப் பறக்கிறவன் என்று நினைத்துவிடுவாரே. எங்கள் பக்கத்துப் பந்தியில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். போதும் போதும் என்று இலைமேல் இரண்டு கையையும் விரித்து மறைப்போம், விரல் இடுக்கில் பாயசம் இறங்கத் தாராளமாக இடம் விட்டிருப்போம். பரிமாறுகிறவருக்கும் அது தெரியும். ஜி.எம். பந்தி பரிமாறியவர் இல்லை. “குட்” என்று சொல்லி அடுத்த ஃபைலை எடுத்துவிட்டார். இன்னொரு முறை கேட்பார் என்று நான் அங்கேயே நின்றேன். வேறு ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை என்று வெளியே வந்தேன். மறுநாள் அந்த இடத்துக்கு வேறொருவர் பெயர் போய்விட்டது.

பூட்டானில் இருந்த நாளெல்லாம் இதே நினைப்பாக இருந்தது. மலையைப் பார்த்தால் மலை தெரியவில்லை, சென்னைதான் தெரிந்தது. ஆனால் இதையும் சொல்லியாக வேண்டும். அந்த அம்மா எங்கள் ஊர்ச் சாப்பாடு எப்படி இருக்கும் என்று கேட்டபோது, தேங்காய்ப்பால் விட்ட திருநெல்வேலிச் சொதியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்த நான், கோங்குராப் பச்சடியையும் மாரெட்பள்ளி முனைக்கடை இரானி டீயையும்தான் விவரித்தேன். நடுவில் எச்சில் வேறு விழுங்கினேன். மீனா அதையும் கவனித்தாள்.

திரும்பும் வழியில் கார் வளைந்து வளைந்து இறங்கியது. ஸ்வெட்டர் ஒவ்வொன்றாகக் கழன்றது. மனசு கனத்துப்போய், “உங்க சொந்த ஊர் ஞாபகம் வராதா கர்மா?” என்று கேட்டேன். மனிதர் ஏதாவது உருக்கமாகச் சொல்வார், நாமும் சேர்ந்து கொஞ்சம் உருகலாம் என்று ஆசை.

“அங்க சூடு ஜாஸ்தி சார். கொசுவும் கடிக்கும். நான் போறதே இல்ல” என்றார் கர்மா.

வருஷா வருஷம் மே மாதம் திருநெல்வேலி போய் இறங்கியதும் நானும் இதைத்தான் சொல்கிறேன். அபிக்கு வேர்க்குரு வருகிறது என்று காரணம் காட்டி நாலு நாள் முன்னதாகவே திரும்ப டிக்கெட் போடுகிறவனும் நான்தான்.

எல்லை ஊருக்கு வந்ததும் என் செல்போனுக்கு இந்திய சிக்னல் கிடைத்தது. அந்த அலங்கார வளைவுக்குக் கொஞ்சம் முன்னால், இன்னும் பூட்டான் மண்ணிலேயே நிற்கும்போது, ஜி.எம். கூப்பிட்டார். சென்னைக்குப் போவதாக இருந்தவர் பின்வாங்கிவிட்டாராம். “அன்று அவசரத்தில் சொல்லிவிட்டீர்களோ என்று தோன்றியது. அதனால் மறுபடி கேட்கிறேன். போகிறீர்களா?” என்றார்.

விமானப்படைக்காரர் மறுபடி கேட்டுவிட்டார். மீனா என் முகத்தையே பார்த்தாள். அபி பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டு, “மன இன்ட்டிக்கி எப்புடு வெள்தாம்?” என்று நச்சரித்தாள். நம்ம வீட்டுக்கு எப்போது போகப்போகிறோம் என்று கேட்கிறாள். எந்த வீடு என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. சரி சார் என்ற இரண்டு சொல்லும் நாக்கு நுனியில் தயாராக இருந்தன.

“இல்லை சார், நான் இங்கேயே இருந்துவிடுகிறேன்” என்றேன்.

“ரைட்” என்றார் அவர்.

“என்ன சொன்னிய?” என்றாள் மீனா.

“வேண்டாம்னுட்டேன்.”

“நெசமாவா, மரியாதைக்கா?”

“நெசமாத்தான்” என்றேன். அவர் எப்போதோ போனை வைத்துவிட்டிருந்தார். நான்தான் காதிலிருந்து எடுக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.