டை இல்லாமல் பூவத்துக்கு

ஜான்பீட்டருக்கு ஐம்பத்தொரு வயது. தருமபுரத்தில் எங்கள் எதிர்வீடு. ஒரு மருந்துக் கம்பெனியின் ரெப்பாக இருபத்தாறு வருடமாகக் காரைக்காலைச் சுற்றிவருகிறார். காலையில் அவர் பைக் கிளம்பும்போது நீல டை தோளுக்கு மேல் பறக்கும். எங்கள் தெருவில் கடைசியாக டை கட்டியவர் அவர்தான். வங்கிக்காரர்கள் எப்போதோ விட்டுவிட்டார்கள். மாதா கோவிலில் கல்யாண மாப்பிள்ளைகள்கூட இப்போது கோட்டுக்குள் மேல்பட்டனைத் திறந்துவிட்டு நிற்கிறார்கள்.

போன ஜூலையில் கம்பெனியின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. டாக்டருக்கும் நமக்கும் நடுவே டை ஒரு தூரத்தை உண்டாக்குகிறது, இனி யாரும் கட்ட வேண்டாம் என்று. இளையவர்கள் கைதட்டும் படம் போட்டார்கள். இவரும் ஒன்று போட்டார்.

"இனிமே காத்தாடப் போங்க" என்றார் மனைவி இசபெல்லா.

"டாக்டருக்கு என்னை அடையாளம் தெரியணுமே."

"ஏன், மூஞ்சியையும் கழட்டி வெச்சுட்டா போறீங்க?"

சிரித்துவிட்டுக் கிளம்பினார். ஆனால் அந்தக் கவலை, அன்று டாக்டரைப் பார்க்கப் போன பூவம் கிராமம் வரை கூடவே வந்தது. டை இல்லாவிட்டால் தன்னை யாருக்குத் தெரியும்?

குறுவை வயல்களில் தண்ணீர் நின்றிருந்தது. வானம் அதில் அசையாமல் கிடந்தது. வலப்பக்கம் சவுக்குத் தோப்புக்குப் பின்னால் கடல்; சத்தம் மட்டும் வந்தது. இரண்டு வானங்களுக்கு நடுவே வேறு யாரோ பைக் ஓட்டிப் போவதுபோலவும், தான் பின்னால் உட்கார்ந்து பார்ப்பதுபோலவும் இருந்தது என்று பிறகு சொன்னார்.

பூவத்து கிளினிக்கில் ரெப்புகள் உட்கார்வதில்லை. சுவரோரம் நிற்க வேண்டும். ஐந்து நோயாளிகள் போன பிறகு ஒரு ரெப்பை விடுவார்கள், இரண்டு நிமிடம். "டை சார், நில்லுங்க" என்று எப்போதும் சொல்லும், சீட்டு கொடுக்கும் பெண் காவ்யா அன்று நோட்டிலிருந்து தலை தூக்கவில்லை.

"வயசு?"

"அம்பத்தொண்ணு."

எண் எழுதிய சீட்டைக் கொடுத்து நாற்காலியைக் காட்டினாள். கையிலிருந்த பையில் ஸ்கேன் படம் இருக்கிறதென்று நினைத்தாளோ என்னவோ. தான் ரெப் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. உட்கார்ந்துவிட்டார். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவை. மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. காத்திருந்தவர்களின் பேச்சு தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்டது.

"என்னங்க உடம்புக்கு?" பக்கத்து நாற்காலியில் மீன்காரப் பங்கஜவல்லி.

"தெரியலைங்க."

"தெரியாமயா வந்து குந்தியிருக்கீங்க? கண்ணு செவந்திருக்கு பாருங்க. பிரஷர்தான்."

முறை வந்தது. டாக்டர் அம்பலவாணன் சீட்டைப் பார்த்தார், கையில் பிரஷர் பெல்ட்டைச் சுற்றினார், காற்றடித்தார்.

"நூத்தி அறுபது இருக்கு. மாத்திரை எதுவும் சாப்பிடுறீங்களா?"

"இல்லைங்க சார்."

டாக்டர் எழுத ஆரம்பித்தார். தலைகீழாகவே ஜான்பீட்டர் படித்துவிட்டார். போட்டிக் கம்பெனியின் மாத்திரை. நாக்கு தானாகப் புரண்டது.

"சார், இதே மருந்து எங்ககிட்டயும் இருக்கு சார். ஒரு நாளைக்கு ஒருவேளை போதும், கால்வீக்கமும் அவ்வளவா வராது."

பேனா நின்றது.

"இந்தக் குரல் எனக்குத் தெரியுமே." டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "ஜான்பீட்டரா?"

"ஆமாங்க சார்."

"இத்தனை வருசமா வர்றீங்க. மூஞ்சிய இன்னிக்குத்தான் பாக்குறேன்போல இருக்கு." அதை அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

ஜான்பீட்டர் பழக்கத்தில் எழுந்தார்.

"எங்க எழுந்திரிக்கிறீங்க? ரெப்புன்னாதான் ரெண்டு நிமிசம். உக்காருங்க. அந்தக் கையக் குடுங்க, இன்னொரு தடவை பாத்துருவோம்."

மறுகையை நீட்டினார். பெல்ட் மெல்ல உப்பி இறுகியது, பிறகு தளர்ந்தது. டாக்டர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தலை சுத்துதா?"

"சுத்தலைங்க சார்" என்றார் ஜான்பீட்டர். "உடம்பே லேசா இருக்கு."