கக்கூஸ் வைத்த வண்டி

சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயிலில் இரண்டு நாள் தங்குவது என் புகுந்த வீட்டு வழக்கம். சோழவந்தானுக்கு அப்பால் வயல்வெளி நடுவே கோயில். அங்கே கூரை என்று சாமிக்கு மட்டும்தான் உண்டு. முன்பெல்லாம் பெண்கள் ஒதுங்கச் சீமைக்கருவேலம் புதர் இருந்தது. ஜேசிபியை விட்டு அத்தனையையும் பிடுங்கியதில் அந்த மறைவும் போயிற்று.

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு எனக்குச் சிறுநீரை அடக்க முடியாது. இருமினால்கூட நனைந்துவிடும். கணவரிடமும் சொன்னதில்லை. சிவராத்திரி வந்தால் 'வீட்டுக்குத் தூரம்' என்று சொல்லி வீட்டிலேயே நின்றுகொள்வேன். சாமி காரியத்தில் அதற்கு மேல் யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். போன வருடம் கர்ப்பப்பையை எடுத்தார்கள். சொந்தபந்தம் மொத்தமும் பழப்பையோடு வந்து பார்த்துவிட்டுப் போனது. அத்தோடு அந்தச் சாக்கும் செல்லாமல் போய்விட்டது.

இந்த நேரம் பார்த்துத்தான் கணவரும் கொழுந்தனாரும் கோயிலில் தங்குவதற்கென்று கேம்பிங் டிரெய்லர் வாங்க முடிவெடுத்தார்கள். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற வண்டி. சமயநல்லூர்ப் பட்டறைக்கு நானும் கணவரும் கொழுந்தனார் மனைவியும் போனோம். ஒன்று, விரித்தால் கூடாரம் ஆவது. இன்னொன்றுக்குப் பின்பக்கம் அடுப்படி. மூன்றாவதில் மூலையில் ஒரு கக்கூஸ்.

கணவர் அடுப்படி வண்டியையே சுற்றிச் சுற்றி வந்தார்.

"பொங்கப் பானை ஏத்துற வண்டியில கக்கூஸா? ஆகாது மாமா" என்று கொழுந்தனார் மனைவியும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டாள்.

"நீங்க ஒண்ணும் சொல்லலையேக்கா?" என்றார் பட்டறைக்காரர்.

வாயைத் திறந்தேன். இருமல்தான் முதலில் வந்தது. உள்ளே நனைந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். செத்துப்போகலாம் போலிருந்தது.

"எனக்கு ஒண்ணுக்கு அடக்க முடியாது. கக்கூஸ் இருந்தாத்தான் நான் கோயிலுக்கு வருவேன்."

பட்டறைக்காரர் அவசரமாகக் குனிந்து டயரைப் பார்க்க ஆரம்பித்தார். கொழுந்தனார் மனைவி தரையைப் பார்த்தாள். திரும்பி வரும்போது, "இம்புட்டு வருசமா என்கிட்டச் சொல்லலையே" என்றார் கணவர். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கக்கூஸ் வண்டியே வந்தது. கோயில் எல்லைக்குள் அது நிற்கக் கூடாது என்று பங்காளிகள் சொல்லிவிட்டார்கள். சிவராத்திரியன்று வரப்புக்கு அந்தப் பக்கம் மொட்டை வெளியில் நிறுத்தினோம். பானையும் அரிசியும் கார் டிக்கியில் தனியாக வந்தன. வண்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நான் எழுந்தாலே அடுப்பருகில் இருந்த பெண்களும் சீட்டாடும் ஆண்களும் திரும்பிப் பார்த்தார்கள். எதற்குப் போகிறேன் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. கூசிக் குறுகித்தான் போய் வந்தேன்.

மத்தியானம் கொழுந்தனார் மனைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் உதடு வறண்டு வெடித்திருந்தது. காலையிலிருந்து அவள் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"அக்கா, அந்தச் சாவி..." என்றாள், என் முகத்தைப் பார்க்காமலே. பட்டறையில் நான் பட்ட பாடு அப்படியே அவள் முகத்தில் தெரிந்தது. சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டு இவளைக் கேட்க வைத்துவிட்டேனே என்று எனக்கு மானமே போயிற்று.

அவள் போய் வந்து சாவியைத் திருப்பிக் கொடுத்ததும் நான் எழுந்து நடந்தேன். வண்டிக் கதவுப் பூட்டிலேயே அதைச் செருகி வைத்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பி வந்தேன். எல்லாரும் பார்த்தார்கள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் இனிமேல் யாரும் என்னிடம் வந்து சாவி கேட்க வேண்டியதில்லை.